அவையும் அங்கதமும்



கருத்துரிமையும் நையாண்டியும் சமய உணர்வும் என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். சட்டம் படித்தவர் ஒருவரையோ சமயச் சான்றோர் ஒருவரையோ அழைத்திருக்கலாம். எனினும் ஒரு சொல்லோ படமோ ஒருவரை எவ்வாறு புண்படுத்துகிறது என்பது மொழியியலுக்கும் உரிய வினாதான். நான் அறிந்த வழி அது ஒன்றே என்பதால் அவ்வழியிலேயே செல்கிறேன்.

2007ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நம் நாட்டுத் தமிழ் நாளிதழ்களுள் ஒன்றான மக்கள் ஓசை இயேசுநாதரின் படம் ஒன்றை வெளியிட்டது. அப்படத்தில் அவருடைய ஒரு கையில் வெண்சுருட்டும் மறு கையில் மதுக் கலமும் இருந்தன. உடனிருந்த வாசகமோ, தவற்றை உணர்ந்து வருந்துவோருக்கு வீட்டுலகம் உண்டு என்னும் பொருளுடைய நல்லுரை. கிறித்தவர்கள் வருந்தினர், அரசியல் தரப்பிலிருந்தும் கண்டனம் எழுந்தது. படம் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது, கவனக்குறைவால் நேர்ந்தது என்று நாளிதழ் விளக்கி மன்னிப்புக் கோரியது. கத்தோலிக்கப் பேராயர் அம்மன்னிப்பை ஏற்றுக்கொண்டார். அதன் பின்னும் உள்துறைப் பாதுகாப்பு அமைச்சு அந்நாளிதழை ஒரு மாத காலம் நிறுத்தி வைத்தது.

இந்நிகழ்வை நான் பல முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். நையாண்டி என்று பேசுகிறோமே, இங்கே நையாண்டி செய்தவர் யார்? படத்தை முதன்முதலில் வரைந்தவர் எங்கோ ஒரு நாட்டில், தம் கூட்டத்தார் பார்த்துச் சிரிப்பதற்காக வரைந்திருப்பார். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நாளிதழ்க்காரருக்கோ நையாண்டி செய்யும் நோக்கமே இல்லை. அவர் அறவுரை ஒன்றுக்குப் படம் தேடினார். படித்தவர், காலையில் தேநீரோடு நாளிதழை விரித்த ஒரு கிறித்தவர். நையாண்டி ஓரிடத்தில் பிறந்தது, அறவுரை மற்றோரிடத்தில் சேர்ந்தது, புண் மூன்றாமிடத்தில் உண்டாயிற்று. புண்பட்டவர் சார்பில் பேசத் தக்கவர் பொறுத்துக்கொண்ட பின்னும் தண்டனை நின்றது. இந்த வரிசையில் எந்தக் கண்ணியும் மற்றொன்றோடு பொருந்தவில்லை என்பதைத்தான் இன்று விரிவாகப் பேச விரும்புகிறேன்.

முதலில் நம் இலக்கணத்தைக் கேட்போம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை என்னும் சுவையை முதலாவதாக வைக்கிறார். அது தோன்றும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலே முதலாவது. செய்யுளியலில் வசைப்பாட்டை அங்கதம் என்று பெயரிட்டு இரண்டாகப் பகுக்கிறார். வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். சொல்லை மறைத்துப் பழிப்பது பழிகரப்பு அங்கதம். எள்ளல் கூடாது என்று அவர் விலக்கவில்லை. அதற்கு ஓர் இடம் ஒதுக்கி இலக்கணம் வகுத்தார். அதே நூலில் அவையல் கிளவி பற்றியும் பேசுகிறார். அவையில் சொல்லத் தகாத சொல்லை மறைத்துச் சொல்ல வேண்டும் என்பது அதன் கருத்து. கவனியுங்கள்: அச்சொல் தகாதது என்று ஒரேயடியாகச் சொல்லவில்லை. அவையில் தகாதது என்கிறார். அவை மாறினால் தகுதியும் மாறும். ஒரு தொழிலாளர் கூட்டம் தமக்குள் வழங்கும் மறைசொல்லைப் பிற்கால நன்னூலார் குழூஉக்குறி என்றார். குழுவுக்குள் அதற்கு ஒரு பொருள், வெளியே வேறு பொருள்.

சமய மரபிலும் இவ்வாறே. சுந்தரர் புத்தூரில் தம்மை அடிமையென்று ஓலை காட்டிய முதியவரைப் பித்தன் என்று ஏசினார். இறைவன் அந்த ஏச்சையே முதற்சொல்லாக வைத்துப் பாடும்படி பணித்ததாகச் சேக்கிழார் கூறுகிறார். பதினைந்தாம் நூற்றாண்டுக் காளமேகம் கோயில் கோயிலாகச் சென்று தெய்வங்களைப் பழிப்பதுபோலப் புகழ்ந்தார். சிவனை இரந்துண்பவர் என்பார், திருமாலைத் திருடர் என்பார். அவற்றைப் பாடிய வாயும் கேட்ட செவியும் ஒரே கோயிலின் வாயிலில் நின்றன. பாடியவர் பகைவரல்லர் என்பது கேட்டவருக்குத் தெரியும். கேட்பவர் சினந்தாலும் எப்போது சிரித்துவிடுவார் என்பது பாடியவருக்குத் தெரியும். இந்த இருபுற அறிவு இல்லையேல் வஞ்சப்புகழ்ச்சி வெறும் வஞ்சம்.

நூலை விட்டு நம் பேராக் மண்ணுக்கு வருகிறேன். நான் வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவின்போது இரவு முழுவதும் நாடகம் நடக்கும். பால்மரம் வெட்டுகிறவர்களே நடிகர்கள். சாக்குத் திரை, மண்ணெண்ணெய் விளக்கு. எமதர்மன் மேடைக்கு வருவார். கோமாளி அவரை வழிமறித்து, எருமையைத் தோட்டத்துக்குள் ஓட்டி வரக் கிராணி ஐயாவிடம் சீட்டு வாங்கினாயா என்று கேட்பான். எமன் விழிப்பார். சீட்டு இல்லாவிட்டால் அரை நாள் சம்பளம் வெட்டு என்பான் கோமாளி. கூட்டம் உருண்டு சிரிக்கும். முன்வரிசையில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த கிராணியும் சிரிப்பார். சிரிக்காமல் இருந்தால் தம்மைத்தான் சொல்கிறான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே!

அந்தச் சிரிப்பில் எமனுக்கு எந்த இழுக்கும் இல்லை. அவர் ஒரு மறைப்புத்தான். மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது வாய் திறக்க முடியாதவர்கள், முந்தைய இரவில் ஒரு தெய்வத்தின் முதுகுக்குப் பின்னே நின்றுகொண்டு வாய் திறந்தார்கள். தொல்காப்பியர் பழிகரப்பு என்றது இதைத்தான். தெய்வத்தை எள்ள இடமிருந்ததால்தான் கிராணியை எள்ள முடிந்தது. முன்னதைத் தடுத்திருந்தால் பின்னதும் ஊமையாகியிருக்கும். சமய நையாண்டி ஒழிந்தால் சமயம் மட்டும் காக்கப்படும் என்று எண்ணுவோர் இதைச் சற்றுக் கருத வேண்டும்.

எல்லா நையாண்டியும் இப்படி வீட்டுக்குள்ளிருந்தே வரும் என்று நான் சொல்லவில்லை. 1929 டிசம்பரில் தந்தை பெரியார் பினாங்கில் வந்திறங்கி, இதே ஈப்போ நகரில் நடந்த மலாயாத் தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டார். அவருடைய எள்ளல் பழிகரப்பு வகையைச் சார்ந்ததன்று; முழுச் செம்பொருள். மறைப்பதற்கு ஏதுமில்லாத நாத்திகத்தின் எள்ளல். அவர் வருகைக்கு ஆத்திகரிடையே எதிர்ப்பு எழுந்தது. அவரைப் பின்பற்றிய சீர்திருத்தக்காரர்கள் காவடியையும் தீமிதியையும் மேடைதோறும் பழித்தார்கள். பழிப்பைக் கேட்டவர்கள் சினந்தார்கள், மறுத்தெழுதினார்கள், எதிர்மேடை போட்டார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்துவிட்டது. தைப்பூசத்தன்று சுங்கை பாரி மாரியம்மன் கோயிலிலிருந்து கல்லுமலைக்குக் காவடிகள் இன்றும் செல்கின்றன. புந்தோங்கில் இன்றும் பெரியார் படம் மாட்டிய வீடுகளைக் காணலாம். ஒரே வீட்டில் அண்ணன் காவடி எடுப்பதையும் தம்பி திண்ணையில் அமர்ந்து கேலி பேசுவதையும் கண்டு வளர்ந்த தலைமுறை என்னுடையது. அண்ணன் திரும்பி வந்ததும் அவர் காலுக்கு வெந்நீர் வைப்பவனும் அந்தத் தம்பிதான்.

பெரியாருக்கும் ஓர் அவை இருந்தது என்பதே இங்கு எனக்கு வேண்டிய செய்தி. எதிர்ப்போரும் நேரில் வந்து, முழு உரையையும் கேட்டு, பிறகு எதிர்த்தார்கள். உரையாசிரியர்கள் பாட்டுக்கு முன் கேட்போர் யார், களன் யாது, காலம் யாது என்று குறிப்பதுபோல, ஒவ்வொரு பேச்சும் தன் களனோடு சேர்ந்தே சென்றது.

இந்த மாநிலத்தின் இன்னொரு மகனையும் இங்கே நினைக்கலாம். கோப்பெங் வட்டாரத்தில் 1951இல் பிறந்த கேலிச்சித்திரக் கலைஞர் லாட், 1974இல் ஏஷியா மேகசின் என்னும் இதழில் மலாய்ச் சிறுவர்களின் விருத்தசேதனச் சடங்கைப் பற்றி வரைந்தார். சமயச் சடங்கு, அதுவும் ஒரு பையனின் அச்சமும் கூச்சமும் கலந்த சடங்கு. அவரைத் தடுக்க யாரும் புறப்படவில்லை. மாறாக, அதுவே அவருக்கு நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸில் கேலிச்சித்திரக்காரர் என்னும் இடத்தைப் பெற்றுத் தந்தது. அதே சடங்கைச் சீனரோ தமிழரோ வரைந்திருந்தால் என்னாகியிருக்கும் என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. நானும் அதையே நினைக்கிறேன். கோடு ஒன்றே, மையும் ஒன்றே. வரைந்த கை யாருடையது என்பதைப் பார்ப்பவர் தம் மனத்துக்குள் சேர்த்துக்கொள்கிறார். மொழியியலில் பொருள் சொல்லுக்குள் மட்டும் இல்லை என்று நாங்கள் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

எர்விங் கோஃப்மன் என்னும் சமூகவியலறிஞர் 1981இல் வெளியிட்ட பேச்சின் வடிவங்கள் என்னும் நூலில் கேட்போரை வகைப்படுத்தினார். பேசுபவர் தமக்குரியவர் என்று ஏற்றுக்கொண்ட கேட்போர் ஒரு வகை. அருகில் நிற்பதால் காதில் விழப் பெறுபவர் இன்னொரு வகை. ஒளிந்து நின்று ஒட்டுக்கேட்பவர் வேறொரு வகை. அவர் எழுதிய காலத்தில் இவர்கள் அனைவரும் ஒரே அறையிலோ தெருவிலோ இருந்தார்கள். இன்று கைப்பேசி வழியே காதில் விழப் பெறுபவர்கள் கோடிக்கணக்கில் பெருகிவிட்டார்கள். அவர்கள் ஒட்டுக்கேட்க நினைத்தவர்களும் அல்லர். புலனக் குழுவில் யாரோ அனுப்பியது தானாக வந்து விழுகிறது. அவர்கள் உண்மையாகவே புண்படுகிறார்கள். அவர்களை நடிக்கிறார்கள் என்று சொல்வது நேர்மையாகாது. ஆனால் அவர்கள் புண்படுவது தங்களை நோக்கிச் சொல்லப்படாத ஒன்றால்.

டென்மார்க் நாட்டு இதழ் ஒன்று 2005 செப்டம்பர் 30ஆம் நாள் நபிகள் நாயகத்தைப் பற்றிய பன்னிரண்டு கேலிச்சித்திரங்களை வெளியிட்டது. தூதரகங்கள் எரிந்தது 2006 பிப்ரவரியில். நடுவிலுள்ள நான்கு மாதங்கள் அப்படங்கள் பயணம் செய்த காலம். அந்த அலை நம் நாட்டுக்கும் வந்தது. ஒரு படத்தை மறுபதிப்புச் செய்த சரவாக் டிரிபியூன் இதழின் உரிமம் நிறுத்தப்பட்டது. பிறகு நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் வெளிநாட்டுத் தொடர்ச்சித்திரம் ஒன்றை அச்சிட்டதற்காக விளக்கம் கேட்கப்பட்டு மன்னிப்பும் கோரியது. அந்தச் சித்திரத்தில் நபிகளின் உருவமே இல்லை. அந்த அச்சத்தைப் பற்றிய கேலி மட்டுமே இருந்தது.

தமிழகத்தில் நடந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். பெருமாள்முருகனின் மாதொருபாகன் 2010இல் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் அதைப் படித்தவர்கள் படித்தார்கள், பாராட்டியவர்கள் பாராட்டினார்கள், குறை கண்டவர்கள் குறை கண்டார்கள். 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் அதன் சில பக்கங்கள் மட்டும் படியெடுத்து வழங்கப்பட்டன. பிள்ளையில்லாத ஒரு கணவன் மனைவியின் துயரத்தைச் சொல்லும் நாவலிலிருந்து தேர்த்திருவிழா பற்றிய பகுதி தனியே பிரிந்து தெருவுக்கு வந்தது. நாவலின் அவை, அதை முதல் பக்கத்திலிருந்து படித்து வந்த வாசகர். அந்தத் தாளைக் கையில் வாங்கியவர் அந்த அவையில் ஒருபோதும் அமராதவர். 2015 ஜனவரியில் தாம் எழுத்தாளராக இறந்துவிட்டதாக முருகன் முகநூலில் அறிவித்தார். 2016 ஜூலை 5ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று தீர்ப்பளித்தது. பிடிக்காத நூலை மூடி வைக்கும் உரிமை வாசகருக்கு உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரங்களுள் ஒன்று. சரியான தீர்ப்பு என்பதே என் கருத்து. எனினும் மூடி வைக்க அந்தத் தாளுக்கு அட்டையே இல்லையே என்பதையும் ஒரு மொழியியலாளன் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி, என் துறைக்கு மிக நெருங்கியதும் பேராக்கின் பெயரோடு பின்னியதுமான ஒரு வழக்கு. 2021 அக்டோபரில் தீமா என்னும் பெயர் கொண்ட உள்நாட்டு விஸ்கி ஒன்று சர்ச்சைக்குள்ளானது. மலாய்மொழியில் தீமா என்றால் வெள்ளீயம். கிந்தா பள்ளத்தாக்கையும் லாருட்டையும் வாழவைத்த உலோகம். 1985இல் உலகச் சந்தையில் அதன் விலை வீழ்ந்தபோது இந்த ஈப்போ எப்படி வாடியது என்பது இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். புட்டிமேல் இருந்த தாடிக்காரர் படம், 1870களில் லாருட்டில் பணியாற்றிய ஆங்கிலேயர் கேப்டன் ஸ்பீடியுடையது. பெயரைக் கேட்டவர்கள் பலருக்கு வேறு ஒன்று தோன்றியது. பாத்திமா என்னும் பெயரை மலாய் வீடுகளில் செல்லமாகத் தீமா என்று சுருக்கி அழைப்பார்கள். அதுவோ நபிகளாரின் மகளின் திருப்பெயர். தாடியும் தலைக்கவிப்பும் உள்ள படமும் அந்த எண்ணத்துக்குத் துணைபோயிற்று. நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர், இதைக் குடிப்பது ஒரு மலாய்ப் பெண்ணைக் குடிப்பதற்கு ஒப்பாகும் என்ற பொருளில் பேசிப் பின்னர் அதைத் திரும்பப் பெற்றார்.

இது இரு சொற்களின் ஒலி ஒன்றானதால் வந்த மயக்கம். ஒன்று உலோகத்தின் பெயர்; மற்றொன்று அரபு மூலமுள்ள பெயரின் சுருக்கம். நம் இலக்கணத்தில் பலபொருள் ஒருசொல் என்று ஒரு பகுதி உண்டு. காளமேகத்தின் சிலேடை முழுவதும் அந்த அடித்தளத்தில் எழுந்தது. இடையில் ஒரு செய்தி: மலாயர் காரீயத்தைக் கறுப்புத் தீமா என்றும் தகரத்துக்குரிய ஈயத்தை வெள்ளைத் தீமா என்றும் வழங்குகிறார்கள். நாமும் காரீயம், வெள்ளீயம் என்றே பிரித்தோம். இரு மொழிகளும் ஒரே கண்ணால் அவ்வுலோகத்தைப் பார்த்திருக்கின்றன. இதை யாராவது அந்தச் சர்ச்சையின்போது சொல்லியிருந்தால் யாருக்கும் பயன்பட்டிருக்காது என்பது வேறு.

முடிவு என்னவாயிற்று? நவம்பரில் பெயர் அப்படியே நீடிக்கலாம் என்று முடிவாயிற்று. பெயரின் பொருளை விளக்கும் குறிப்பைப் புட்டியில் சேர்க்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதாவது, சொல்லுக்கு ஓர் உரை எழுதப்பட்டது! பல நூற்றாண்டுகளாகப் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் அவர்களுக்கு முன்னும் பின்னும் வந்த உரையாசிரியர்களும் செய்த வேலையை ஒரு மதுப்புட்டியின் தாள் செய்தது. எனக்கு மதுவில் விருப்பமில்லை; தோட்டத்துக் கள்ளுக்கடையும் சம்சுவும் நம்மவரை என்ன செய்தன என்பதைக் கண்டவன் நான். ஆயினும் சொல்லைத் தடைசெய்யாமல் அதன் களனை அதற்குத் திருப்பித் தந்த அந்தத் தீர்வை நான் மதிக்கிறேன்.

இப்போது எதிர்ப்பக்கத்து வழக்கு ஒன்றையும் வைக்க வேண்டும். இல்லையேல் எல்லாப் புண்ணும் தவறான புரிதலால் வந்தது என்று நான் சொல்வதாக ஆகிவிடும். 2009 ஆகஸ்டு 28ஆம் நாள் ஷா ஆலாமில் மாரியம்மன் கோயில் ஒன்றைத் தங்கள் குடியிருப்புப் பகுதிக்கு மாற்றுவதை எதிர்த்தவர்கள், வெட்டப்பட்ட மாட்டுத் தலையோடு ஊர்வலம் போனார்கள். அங்கே நகை இல்லை. சிலேடை இல்லை. களன் பிரிந்த சொல்லும் இல்லை. கேட்க வேண்டியவர் யார் என்பது மிகத் துல்லியமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. மாட்டைத் தாயாக மதிக்கும் மக்கள், அவர்களுள் பலர் தோட்டம் துண்டாடப்பட்டுக் கோயிலையும் இழந்து நகருக்கு வந்தவர்கள், பார்த்து அஞ்ச வேண்டும் என்பதே அதன் பொருள். அந்தப் பொருள் அப்படியே போய்ச் சேர்ந்தது. வழக்குத் தொடரப்பட்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டது.

மக்கள் ஓசையின் படத்தையும் இந்த மாட்டுத் தலையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் சமய உணர்வைப் புண்படுத்தின. புண்ணை மட்டும் அளந்தால் இரண்டும் ஒன்று. யார், யாரை நோக்கி, எந்த அவையில், அடுத்து என்ன செய்யப்போவதாகக் காட்டி என்று கேட்டால் இரண்டுக்கும் உறவே இல்லை. ஒன்று தவறிய அஞ்சல், மற்றொன்று மிரட்டல்.

நம் சட்டத்தின் சொற்கள் இந்த வேறுபாட்டைப் பிடிக்கின்றனவா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு, பிறரை எரிச்சலூட்டும் நோக்கத்தோடு புண்படுத்தும் தன்மையுள்ளதை அனுப்புவதைக் குற்றமாக்கியது. புண்படுத்தும் தன்மை என்னும் அடையை ஒரு மொழியியலாளன் பார்த்தால் உடனே கேட்பான்: யாரை? அந்த வினைக்குச் செயப்படுபொருள் வேண்டும். சட்டம் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. சொல்லாமல் விட்ட இடத்தில் யார் வேண்டுமானாலும் வந்து அமரலாம், அமர்ந்தும் இருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தச் சொல்லின் முன் மிகக் கடுமையாக என்னும் பொருளுடைய சொல் ஒன்றைச் சேர்த்தது. அளவு கூடிற்று. செயப்படுபொருள் இன்னும் வரவில்லை.

திருவள்ளுவர் அவை அறிதல் என்னும் அதிகாரத்தை எழுதி, அதற்கு அடுத்ததாகவே அவை அஞ்சாமை என்னும் அதிகாரத்தை வைத்தார். வகுப்பில் இவ்விரண்டையும் தனித்தனியே நடத்துகிறோம். சேர்த்து நடத்த வேண்டும் என்பது என் நெடுநாளைய கருத்து. அவையை அறியாதவன் அஞ்சாமல் இருப்பதில் பெருமை ஏதுமில்லை. அவையை அறிந்துகொண்டே இருந்து வாய் திறக்காமலே இருப்பவனுக்கு முதல் அதிகாரம் மட்டும் போதும். இணைய உலகின் இடர்ப்பாடு, அவையை அறியவே முடியாமல் போனது. அதனால் இரண்டாம் அதிகாரம் கைவிடப்பட்டு வருகிறது.

அண்மையில் ஓர் ஆசிரியை என்னிடம் சொன்னதைக் கூறுகிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். மாணவர் நாடகம் ஒன்றை அவர் எழுதி இயக்கினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் உயிரைக் கவர எமதர்மன் வருகிறார். சித்திரகுப்தனின் பதிவேட்டில் ஆசிரியரின் பெயர் லகர ளகரப் பிழையோடு எழுதப்பட்டிருக்கிறது. ஆசிரியர் சிவப்பு மைப்பேனாவை எடுத்துத் திருத்துகிறார். பிழையோடு வந்தமைக்காக எமனும் சித்திரகுப்தனும் தோப்புக்கரணம் போடுகிறார்கள். பெற்றோர் சிரித்தார்கள், கைதட்டினார்கள். யாரோ தோப்புக்கரணக் காட்சியை மட்டும் இருபது நொடி ஒளிப்பதிவாகப் புலனத்தில் அனுப்பினார். மூன்றாம் நாள், இந்தப் பள்ளியை ஒருபோதும் பார்த்திராத வேறு மாநிலத்துக்காரர் ஒருவரிடமிருந்து, தெய்வத்தை இழிவுபடுத்தினார்கள் என்று புகார் வந்தது. அடுத்த விழாவுக்கு நாடகமே வேண்டாம், நடனம் போதும் என்று முடிவாயிற்று. கட்டுரை எழுதவே தடுமாறும் மாணவர்கள் அந்த நாடகத்தில் லகர ளகர வேறுபாட்டை ஒரே மாலையில் கற்றார்கள் என்று அந்த ஆசிரியை சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது.

புகார் சொன்னவரைப் பகைவர் என்று நான் எண்ணவில்லை. அவருக்குக் கிடைத்தது இருபது நொடி. அதில் ஓர் எமன் தண்டனை பெறுகிறார். ஏன் என்று அதில் இல்லை. நானாக இருந்தாலும் புருவத்தை உயர்த்தியிருப்பேன். ஆனால் அவர் அனுப்பிய புகாருக்காக நாடகம் கைவிடப்பட்டதே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. சரிந்தது அந்தக் காட்சி மட்டுமா? அந்தத் தோட்டத்துக் கோமாளியின் கடைசி வாரிசு அந்தப் பள்ளி மேடையில் நின்றுகொண்டிருந்தான். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போய்விட்டன, இரவு நாடகம் போய்விட்டது. எமனைக் கேலி செய்யத் தெரிந்த பிள்ளைகள் இனிப் பள்ளியில்தான் பிறக்க முடியும்.

என்ன செய்யலாம் என்று ஆசிரியை கேட்டார். நாடகத்தை மறுபடியும் போடுங்கள் என்றேன். காட்சியை மாற்ற வேண்டாம். முழு நாடகத்தையும் பள்ளியே பதிவு செய்து, நாடகம் எதைப் பற்றியது என்று ஒரு மாணவர் முன்னுரை சொல்லி வெளியிடட்டும். துண்டு போகும் இடத்துக்கெல்லாம் முழுமையும் போகட்டும். கோயில் தலைவரை முதல் ஒத்திகைக்கே அழையுங்கள். புகார் எழுதியவருக்கும் ஓர் அழைப்பிதழ் அனுப்புங்கள், முன்வரிசையில் இடம் ஒதுக்குங்கள் என்றேன். அவர் சிரித்தார். தலைமையாசிரியரின் இசைவு வேண்டும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் இசைவும் வேண்டும், கேட்டுப் பார்க்கிறேன் என்றார். இன்னும் விடை வரவில்லை.

இந்த அவையின் முகங்களை நான் நேரில் பார்த்துவிட்டேன். இனி உங்கள் வினாக்களைக் கேட்கிறேன்.